துடைத்த விரல்

என்னிடம் இருபத்தெட்டு டைரிகள் இருக்கின்றன. வேலையில் சேர்ந்ததிலிருந்து வருடத்துக்கு ஒன்று. எழுந்த நேரம், அலுவலகம் போய்ச் சேர்ந்த நேரம், அன்று சோதித்த தராசுகள் எத்தனை, தள்ளியவை எத்தனை, மழை உண்டா, கரண்ட் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது, எல்லாம் அவற்றில் இருக்கும். ஒரே ஒரு டைரியில் மட்டும் பதினான்கு பக்கங்களில் நான் எழுதிய எண் ஒன்றுகூடக் கிடையாது. தேதி அச்சில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கங்கள் எப்படி வந்தன என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் புதுச்சேரியில் எடையளவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கிற தராசுகளையும் எடைக்கற்களையும் வருடத்துக்கு ஒரு முறை சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பது எங்கள் வேலை. வெளியே போகும்போது இருபது கிலோ இரும்புக்கற்களை ஜீப்பில் ஏற்றிப் போவோம். ஒரு நாள் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் தராசில் அப்படி ஒரு கல்லைத் தூக்கி வைத்தபோது, வலது அடிவயிற்றில் ஏதோ பிதுங்கியது. குளிக்கும்போது பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவு. படுத்தால் உள்ளே போயிற்று, நின்றால் வெளியே வந்தது.

குடலிறக்கம் என்றார் அறுவை டாக்டர். ஆபரேஷன்தான் வழி. “அவசரம் இல்ல. ஆனா குடல் வெளிய வந்து சிக்கிக்கிச்சுன்னா அப்புறம் அவசரம்தான். அதுவரைக்கும் அஞ்சு கிலோவுக்கு மேல தூக்காதீங்க” என்றார். எடைக்கல் தூக்குகிறவனுக்கு அஞ்சு கிலோ என்பது ஒன்றுமில்லை. அலுவலகத்தில் என்னை மேசையில் உட்கார வைத்துச் சான்றிதழ் எழுதச் சொன்னார்கள். காலையில் ஜீப் கிளம்பும். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பட்டினி கிடந்து, பச்சை அங்கி மாட்டி, தள்ளுவண்டியில் படுத்து, தியேட்டர் வாசல்வரை போனேன். நர்ஸ் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். பாதரசம் நூற்றெண்பதுக்கு மேலே நின்றது. கீழ் அளவு நூற்றுப் பதினாறு. நானே கழுத்தை எக்கிப் பார்த்துக்கொண்டேன். மயக்க மருந்து டாக்டர் மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை இன்னும் கூடியிருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது முறை, இருபத்திரண்டு நாள் கழித்து. முதல் நாளே ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். நூற்று எழுபத்தெட்டு, நூற்றுப் பன்னிரண்டு. மறுபடியும் தள்ளுவண்டியைத் திருப்பினார்கள்.

“டாக்டர், எங்க தெரு மருந்துக் கடையில பாத்தா நூத்தி முப்பதுதான். பதினோரு தடவ பாத்து எழுதி வெச்சிருக்கேன். எனக்கு பயம் ஒண்ணும் இல்ல” என்றேன்.

“நீங்க பயப்படல சார், ஒத்துக்கறேன்” என்றார் மயக்க மருந்து டாக்டர். “உங்க கை பயப்படுதே, அத நான் என்ன பண்றது? இந்த பிரஷர்ல நான் முதுகுல ஊசி போட மாட்டேன். மொதல்ல அத எறக்கிட்டு வாங்க.”

அவர்தான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, அதே ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த ஆலோசகர் அம்மாவிடம் அனுப்பினார். முப்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கருவி. என் இடது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டுப்பட்டையால் கட்டினார். கருவி ஊய்ங் என்று கத்தத் தொடங்கியது.

“இது பொய் கண்டுபுடிக்கிற மெஷினா மேடம்?”

“கிட்டத்தட்ட அதோட தங்கச்சி சார். இது உங்கள யார்கிட்டயும் மாட்டி விடாது. உங்ககிட்டயே உங்களக் காமிச்சுக் குடுக்கும்.”

மனம் இறுகினால் விரல் நுனியில் நமக்கே தெரியாமல் வியர்வை சுரக்கும். கருவி அதைக் கண்டு சத்தத்தைக் கூட்டும். மனம் தளர்ந்தால் சத்தம் தணியும் என்று சொன்னார். பிறகு மூச்சு. நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. வெளியே விடுவது எப்போதும் நீளமாக இருக்க வேண்டும். மூச்சு நீண்டால் சத்தம் எப்படி இறங்குகிறது என்று காதால் கேட்டுக் கேட்டுப் பழக வேண்டும். பழகிவிட்டால் கருவி இல்லாமலே கையைத் தணிக்கலாம். வீட்டில் பழக சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியை இரவல் கொடுத்தார். அதில் சத்தமும் உண்டு, எண் காட்டும் சின்னக் கண்ணாடியும் உண்டு. தினம் இருபது நிமிடம், ஆறு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். எண் குறைவாக இருந்தால் நல்லது என்று அவர் சொன்னதை அன்றே டைரியில் கோடிட்டு எழுதினேன்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். துடைக்காமல் எடை போடக் கூடாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெல்வெட் வைத்த பெட்டியில் பித்தளை எடைக்கற்கள் இருக்கும். அவற்றை வெறும் விரலால் தொட்டால் விரல் ஈரமே எடையில் சேர்ந்துவிடும். மெல்லிய தோல் துணியால்தான் எடுப்போம். தராசுத் தட்டைத் துடைத்து, துடைத்த ஈரம் காயும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் கல்லை வைப்போம். எந்தக் கருவியானாலும் என் கை தானாகவே முதலில் துணியைத் தேடும்.

எனவே வீட்டில் சரியாக ஆறரைக்கு உட்காருவேன். முதலில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இரண்டு விரல்களையும் துடைப்பேன். இரண்டு நிமிடம் காய விடுவேன். ஸ்பிரிட் காய்ந்தும் ஈரம் இருப்பது போல் தோன்றியதால், மூன்றாம் நாளிலிருந்து குளித்தபின் போடுகிற பவுடரைக் கொஞ்சம் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டு, அப்புறம் தகடுகளைக் கட்டினேன். முதல் நாள் பதினான்கு. இரண்டாம் நாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் ஐந்து. அதற்குப் பிறகு ஐந்தை விட்டு மேலே ஏறவே இல்லை. சில நாட்கள் நான்கு. சத்தம் தூரத்தில் ஒரு கொசு பறப்பது போலத்தான் கேட்டது. வரைபடத் தாளில் கோடு போட்டேன். கோடு வயல் வரப்பு மாதிரி நேராக ஓடியது. எனக்கு இதில் இயல்பாகவே ஒரு கைப்பழக்கம் இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவி, பீன்ஸை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“எனக்கும் மாட்டி விடுங்க, பாக்கலாம்.”

மாட்டினேன். கருவி வீறிட்டது. முப்பத்தொன்று.

“பாரு” என்றேன். “எவ்வளவு டென்ஷன். எல்லாத்தையும் உள்ள வெச்சு வெச்சு... வெளிய தெரியல. மூச்ச மெதுவா வுடு.”

“நான் மெதுவாத்தான் வுடறேன்.”

“ஆறு எண்ணு.”

“எண்ணிட்டேங்க. இன்னமும் கத்துது.” அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கச் சிரிக்க அது இன்னும் கத்தியது. “அப்ப ஆபரேஷன் எனக்குத்தான் பண்ணணும் போல. நீங்க வெளிய பெஞ்சுல உக்காந்துக்குங்க.”

மறுநாளும் சோதித்தேன். இருபத்தெட்டு. அவளுக்கு வேலை அதிகம், தூக்கம் குறைவு, உப்பைக் குறைக்க வேண்டும் என்று எழுதி வைத்தேன். ஒரு வாரம் அவளுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தேன். அவளும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கற்றுக்கொண்டாள்.

மாடியில் குடியிருந்த பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் அவர்களை சொல்தா என்போம். மாலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வரும்போது எங்கள் கதவருகே நிற்பார்.

“என்னா முசியே, தெனம் சாயங்காலம் வூட்டுக்குள்ள வண்டு சுத்துது?”

“மூச்சுப் பயிற்சிங்க. பிரஷருக்கு.”

“அதுக்கு மெஷினா? எங்க கப்பித்தேன், அதான் கேப்டன், ஒரே வார்த்தைதான் சொல்வாரு. துஸ்மாங், துஸ்மாங்.” மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். “அத சொல்லிட்டு அவரே மொத ஆளா ஓடுவாரு” என்று சிரித்துவிட்டு மாடி ஏறுவார்.

இரண்டு வாரம் கழித்து ஆலோசகரிடம் போனேன். மாலை அலுவலகத்திலிருந்து நேராகப் போனதால் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவருடைய கருவியில் இருபத்தொன்பது. “பரவால்ல சார், பழகப் பழக வரும்” என்றார். வீட்டு எண்ணைச் சொன்னேன். “அஞ்சா?” என்று புருவத்தை உயர்த்தினார். நான்காவது வாரமும் போனேன். அங்கே முப்பத்திரண்டு, வீட்டில் நான்கு.

இப்படி இரண்டு கருவிகள் இரண்டு விதமாகச் சொன்னால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். அதுதான் என் பிழைப்பு. ஆறாவது வாரம் போகும்போது ஒரு முழுத்தாளில் அட்டவணை போட்டு எடுத்துப்போனேன். தேதி, நேரம், இடம், கருவி, அளவு, வித்தியாசம். அன்று மனைவிக்கு விடுமுறை. நானும் வரேன் என்று கூட வந்தாள்.

ஆலோசகர் அட்டவணையை வாங்கி நிதானமாகப் படித்தார். நான் கேட்டேன்: “மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க மேச மேல இருக்கிற கருவிய கடைசியா எப்ப சரி பாத்தாங்க?”

“சரி பாக்கறதுன்னா?”

“ஒரு தராசு சரியா இருக்கான்னு வருஷம் ஒரு தடவ நாங்க பாப்போம். இதுக்கு யாரு பாக்கறாங்க?”

அவர் கோபப்படவில்லை. இரவல் கருவியை வாங்கி ஒரு கையிலும் மேசைக் கருவியை இன்னொரு கையிலும் கட்டிக்கொண்டார். இரண்டும் ஒரே மாதிரி முனகின. பன்னிரண்டு, பதின்மூன்று. கைகளை மாற்றிக் கட்டினார். அதே அளவு. இரண்டு கருவியும் சரி. அப்படியானால் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான்.

“சார், வீட்டுல எப்படிப் பண்ணுவீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே சொல்லுங்க.”

“ஆறரைக்கு உக்காருவேன். முதுகு நேரா. கண்ண மூடி...”

“ஏங்க, அதுக்கு முன்னாடி பவுடர் போடுவீங்களே, அதச் சொல்லல?” என்றாள் என் மனைவி.

ஆலோசகர் அவள் பக்கம் திரும்பினார். “என்ன பவுடர்மா?”

“முகத்துக்குப் போடற பவுடர்தான். மொதல்ல ஸ்பிரிட்டு, அப்புறம் பவுடர், அப்புறம் தட்டி வுட்டு, அப்புறம்தான் மெஷினு. மாப்பிள அலங்காரம் மாதிரி நடக்கும். என்னத்தான் டப்பாவ எடுத்தாரச் சொல்வாரு.”

ஆலோசகர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “சார், இது படிக்கிறதே அந்த வேர்வையத்தான். நீங்க தெனம் அத சுத்தமாத் தொடச்சுட்டு, மேல பவுடர வேற போட்டுட்டு, அப்புறம் படின்னு குடுத்திருக்கீங்க. அது பாவம், என்னத்தப் படிக்கும்?”

“அப்ப எனக்கு வந்த முப்பது?” என்றாள் மனைவி.

“கை கழுவிட்டு ஈரத்தோட மாட்டியிருப்பீங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

“இவரு இத்தன நாளா எனக்கு உப்பில்லாத சாம்பாரு போட வெச்சுட்டாரு டாக்டர்.”

நான் அட்டவணையை மடித்துப் பையில் வைத்தேன். காது சூடானது. எங்கள் வேலையில் அவ்வப்போது ஒருவனைப் பிடிப்போம், தட்டுக்கு அடியில் புளி உருண்டையை ஒட்டி வைத்திருப்பான். அவனுக்கு அது தெரிந்தே செய்வது. நான் தெரியாமல் நாற்பது நாள் செய்திருக்கிறேன், அதுவும் எனக்கே. அதற்கு வரைபடம் வேறு. தியேட்டர் வாசலில் மறுபடி பட்டையைக் கட்டியிருந்தால் அதே நூற்றெண்பதுதான் வந்திருக்கும். மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அறுவை டாக்டர் அதற்குள் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். வீக்கம் இப்போது எலுமிச்சை அளவு இல்லை, நார்த்தங்காய் அளவு. சில நாட்கள் படுத்தாலும் சீக்கிரம் உள்ளே போகவில்லை. “இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். அதுக்கு மேல தள்ள முடியாது” என்றிருந்தார்.

ஆலோசகர் பிளாஸ்திரி ஒன்றைக் கிழித்து, இரவல் கருவியின் எண் காட்டும் கண்ணாடி மேல் ஒட்டினார். “ரெண்டு வாரம் எண்ணே கெடையாது. சத்தம் மட்டும்தான். கையத் தொடைக்கவே கூடாது. டைரியிலயும் எண் எழுதக் கூடாது.”

“டைரி எழுதலாமில்ல?”

“தாராளமா எழுதுங்க.”

“எழுந்த நேரம்?”

“அதுவும் எண்ணுதானே சார்.”

வீட்டுக்கு வந்து அன்றைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுதியது இது: ‘காலையில் எழுந்தேன். நல்ல வெளிச்சம் வந்திருந்தது. அலுவலகத்தில் சான்றிதழ்கள் நிறைய. பவுடர் விஷயத்தில் அவமானம். சாம்பாரில் உப்பு இருந்தது.’

முதல் சில மாலைகள் கஷ்டமாக இருந்தன. துடைக்காத விரலில் கட்டியதும் கருவி அலறியது. “பிரஷர் குக்கரே தேவலாம், மூணு விசில்ல அடங்கிடும்” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. ஆறு எண்ணி மூச்சுவிட்டேன். இறங்கியது. ஆ, இறங்குகிறது என்று நினைத்த அதே நொடி ஏறியது. சுவர்க் கடிகாரம் அரை மணி அடித்தால் ஏறியது. வாசலில் மணி அடித்தால் ஏறியது. பட்டையைக் கட்டுகிற நர்ஸின் கை நினைவுக்கு வந்தால் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை என்று மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது இன்னும் ஏறியது.

அந்த நாட்களில் ஒருவரை அடிக்கடி நினைத்தேன். அரியாங்குப்பத்தில் ஓர் அரிசிக் கடைக்காரர். அவருடைய தராசும் கற்களும் எப்போதும் சரியாக இருக்கும். ஒரு வருடம்கூட ஒரு குறை கண்டதில்லை. ஆனால் நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கியதுமே அவர் கை நடுங்க ஆரம்பித்துவிடும். கல்லை எடுத்துக் கொடுக்கும்போது கல்லில் விரல் ஈரம் பதிந்திருக்கும். நடுங்குகிறவனிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்து, அவருடைய கற்களை மட்டும் இரண்டு முறை எடை போடுவேன். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படிச் செய்திருக்கிறேன். துடைத்துவிட்டு.

வழி கிடைத்தது ஆலோசகர் அறையில் அல்ல, எங்கள் ஆய்வுக்கூடத்தில். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற பழைய நுண்தராசில் எதையாவது வைத்தால் முள் இடமும் வலமுமாக ஆடும். புதிதாக வந்தவர்கள் பொறுமை இல்லாமல் கையால் பிடித்து நிறுத்தப் பார்ப்பார்கள். பிடித்தால் அது இன்னும் கூடுதலாக ஆடும். ஒன்றும் செய்யாமல் இருந்தால், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடக் கொஞ்சம் குறுகிக் குறுகி, தானாக நிற்கும். நான் இருபத்தைந்து வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறேன். அதில் எனக்கு ஒருபோதும் சலிப்பு வந்ததில்லை. ஒரு மதியம் யாரோ ஒரு கல்லை வைத்துவிட்டுப் போக, முள் ஆடி அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மூச்சு நீண்டு போயிருந்ததைக் கவனித்தேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை. ஆறைவிட நீளமாகவே இருந்தது.

அன்று மாலை கருவியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி அந்த முள்ளை நினைத்தேன். சத்தம் ஏறினால் ஏறட்டும், அது வலப்பக்க ஆட்டம். இறங்கினால் இறங்கட்டும், அது இடப்பக்கம். நான் பிடிக்கப் போவதில்லை. சமையலறையில் தாளிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து மனைவி கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“என்னா, மெஷினு பேட்டரி போயிடுச்சா?”

போகவில்லை. காதை அருகில் கொண்டுபோனால்தான் கேட்கிற அளவுக்கு முனகிக்கொண்டிருந்தது. அவள் பேசியதும் கொஞ்சம் ஏறி, மறுபடி தானாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போனோம். வெளி இடத்திலும் பழகிப் பாருங்கள் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். கருவியைச் சட்டைப் பையில் வைத்து, காதில் இயர்போன் ஒயரை மாட்டி, படகில் உட்கார்ந்தேன். மோட்டாரைப் போட்டதும் ஒன்றும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டும் திருகைத் திருகினேன். ஒயரை இன்னும் உள்ளே அழுத்தினேன்.

“கேக்கலன்னா வுடுங்களேன்” என்றாள் மனைவி. “பக்கத்துல இருக்கறவங்கல்லாம் பாக்கறாங்க, விரல்ல கட்டுப் போட்டுக்கிட்டு பாட்டுக் கேக்கறீங்கன்னு.”

விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் நகர்ந்தன. முகத்துவாரம் நெருங்கியபோது படகு ஒரு முறை தூக்கிப் போட்டது. எல்லாரும் கத்தினார்கள். என் விரல் நுனி குளிர்ந்து ஈரமாவது எனக்கே தெரிந்தது. சத்தம் இல்லாமலே, இப்போது ஏறியிருக்கும் என்று தெரிந்தது. மூச்சை நீளமாக விட்டேன். மணலில் இறங்குவதற்குள் விரல் காய்ந்திருந்தது, அதுவும் தெரிந்தது. ‘பாரடைஸ் பீச்சில் மாங்காய்த் துண்டு சாப்பிட்டோம். காரம் அதிகம்’ என்று அன்றைய பக்கத்தில் இருக்கிறது. எத்தனை துண்டு என்று இல்லை.

பதினைந்தாம் நாள் மூன்றாவது முறையாகத் தள்ளுவண்டியில் படுத்தேன். கருவியை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. மனைவி அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அதே நர்ஸ்தான்.

“சிஸ்டர், ஒரு உதவி. அளவு எத்தனன்னு என்கிட்ட சொல்லாதீங்க.”

“போன ரெண்டு தடவையும் நான் பாக்கறதுக்கு முந்தி நீங்கதான எக்கி எக்கிப் பாத்தீங்க?” என்றார். “இன்னைக்கு என்ன வந்துச்சு?”

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். வெளியே ஏசி பெட்டி மேல் ஒரு புறா இடம் மாறி மாறி உட்கார்ந்தது. பட்டை கையை இறுக்கியது. இரண்டு விரல்களும் நனைந்தன. நனையட்டும் என்று இருந்தேன். முள் வலப்பக்கம் போகிறது. காற்று இறங்குகிற ஓசை. பிறகு நர்ஸின் பேனா கீறுகிற சத்தம். பத்து நிமிடம் கழித்து மறுபடி கட்டினார். புறா போயிருந்தது. முள் இடப்பக்கம் வந்து, மறுபடி கொஞ்சம் வலப்பக்கம் போய், திரும்பியது. என் வலது கை துணிக்காகப் போர்வையைத் தேடியதைக் கவனித்தேன். அதை அப்படியே வயிற்றின் மேல் வைத்தேன்.

மயக்க மருந்து டாக்டர் வந்தார். நர்ஸ் நீட்டிய தாளைப் பார்த்தார். தானே ஒரு முறை கட்டிப் பார்த்தார்.

“இன்னைக்கு கைக்கு பயம் இல்லயா சார்?”

“இருக்கு டாக்டர்” என்றேன்.

“ம். உள்ள தள்ளுங்க” என்றார் நர்ஸிடம்.

கதவு திறந்தது. அதுவரை நான் உள்பக்கம் பார்த்திராத கதவு. முதுகில் ஊசி எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. கால்கள் யாருடையவோ போல ஆயின. அறுவை டாக்டர் யாரிடமோ முந்தின நாள் கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டே தைத்தார்.

தையல் பிரித்தபின் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆலோசகர் பிளாஸ்திரியை உரித்துவிட்டு, கடைசியாக ஒரு முறை மாட்டிப் பார்க்கலாம் என்றார். நான் கையை நீட்டுவதற்கு முன் சட்டையில் விரலைத் தேய்த்துவிட்டேன். “சார்!” என்று அவர் போட்ட சத்தத்தில் அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஜீப்பில் ஏறினேன். இருபது கிலோ கல்லை இப்போது இன்னொருவரோடு சேர்ந்து தூக்குகிறேன். அரியாங்குப்பம் அரிசிக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் நடுங்கத் தொடங்கினார். “மொதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க. கல்லு எங்கயும் போயிடாது” என்றேன். அவர் சந்தேகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார். அவருடைய கற்களை ஒரு முறைதான் எடை போட்டேன்.

டைரியில் மறுபடி எண்கள் வந்துவிட்டன. ஆனால் ஆபரேஷன் நடந்த நாளின் பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. அன்று என் பிரஷர் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். நர்ஸிடம் அன்றே கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். நான் கரண்ட் போன நேரத்தை மணி பார்த்து எழுதும்போதெல்லாம் சமையலறையிலிருந்து கேட்பாள்:

“என்னா, சொல்லட்டா?”

“வேணாம்.”

“ரெண்டே ரெண்டு எண்ணுதாங்க. அழகா இருக்கும்.”

“வேணாம்னு சொன்னேன்ல.”

“சரி. ஆறு மணி நாப்பத்தி ரெண்டுக்கு என் புருஷன் வேணாம்னு சொன்னாருன்னு எழுதிக்குங்க” என்பாள். பல நாட்களில் அதை அப்படியே எழுதியும் வைத்திருக்கிறேன்.